சாவி கை தவறி விழுந்தது

தம்பி, சட்டைப் பையில பேனா குத்தியிருக்கறீங்களே, அது எழுதுமுங்களா? கோவிச்சுக்காதீங்க. சும்மா அழகுக்குக் குத்தறவங்களும் இருக்கறாங்க, அதனால கேட்டேன்.

உக்காருங்க, உக்காருங்க, எந்திரிக்காதீங்க. ரண்டு பேரு சீட்டுதானுங்க, நான் சன்னலோரம் ஒதுங்கிக்கறேன். எனக்கு இந்த பஸ்ஸுல எப்பவும் இந்த சீட்டுதான். யாரு உக்காந்திருந்தாலும் நான் படியேறுனதும் எந்திரிச்சு எடம் குடுத்துருவாங்க. மேல என்னமோ எழுதிப் போட்டிருக்குது, நான் படிச்சதில்ல. வயசுக்கு ஒரு மரியாதைங்க, வேறென்ன. காலைக் கொஞ்சம் நீட்டிக்கறேன். ஒண்ணுமில்ல, அது ஒரு பழக்கம்.

வாத்தியாருங்களா? அப்ப என் நல்ல நேரந்தான். எனக்கொரு விளக்கக் கடுதாசி எழுதித் தரோணுங்க. நோட்டீசு குடுத்து இன்னிக்கோட ஏழு நாளு. மதியம் பன்னெண்டு மணிக்குள்ள நகராட்சி ஆபீசுல குடுத்தாகோணும். எம்மருமகன் எழுதித் தரேன்னான். ஆனா அவன் எழுதுனா கும்புடறேன்னு எழுதுனாக்கூட சண்டைக்குக் கூப்புடற மாதிரி இருக்கும். இந்தாங்க வெள்ளைக் காயிதம், மடிப்புக் கலையாம எடுத்துட்டு வந்திருக்கறேன்.

பேரு சென்னியப்பன். வயசு அறுவத்தொண்ணு. விரிவு காலனிப் பூங்காவுல வாட்ச்மேன், பதினோரு வருசமா. அதை மொதல்ல எழுதிக்குங்க. பதினோரு வருசத்துல ஒரு பூட்டுக்கூடத் தொலைஞ்சதில்லைன்னு எழுதிக்குங்க. இல்ல, இருங்க. அதை எழுத வேண்டாம். நோட்டீசே ஒரு பூட்டைப் பத்தித்தான்.

இதாங்க நோட்டீசு. எனக்குப் படிச்சுக் காட்டுனதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க. மொதக் குத்தம், சிறப்புக் குழந்தைக வெளையாடற எடத்து வேலிக் கதவைத் தகுதி இல்லாத புள்ளைகளுக்குத் தொறந்து விட்டது. ரண்டாங் குத்தம், காவலாளி தானே ராட்டினத்துல ஏறிச் சுத்துனது. போட்டோ ஆதாரம் பின்னால குத்தியிருக்குது பாருங்க. வாயைத் தொறந்துட்டு இருக்கறது நாந்தான். பக்கத்துல வீல்சேருல இருக்கறது தன்ஷிகாங்கற புள்ள. போட்டோ புடிச்சது காலனி சங்கத் தலைவரு துரைசாமி சார். நல்ல மனுசன். ரொம்பத் தெளிவா வந்திருக்குது.

நான் இன்னிக்குச் சரியா விளக்கம் குடுக்கலீன்னா எனக்கு வேலை இல்ல, ராட்டினத்துக்கு மறுபடியும் பூட்டு. அவ்வளவுதானுங்க விசயம். வேலை போனா போகட்டும்னு சொல்ற ஆளு நானில்ல. போகக் கூடாது. பூட்டும் போடக் கூடாது. ரண்டுக்கும் சேத்து ஒரே கடுதாசி.

என்ன நடந்துச்சுன்னு தெரியாம எப்படி எழுதுவீங்க? சொல்றேன்.

ரண்டு வருசத்துக்கு முன்னால ஒரு அம்மா வந்தாங்க. ஷர்மதா மேடம். கட்டடம் வரையறதுக்குப் படிச்சவங்க. தோள்ல ஒரு பை, கையில டேப்பு, வெயிலுக்குத் தொப்பி. "அண்ணா, இங்க எல்லாப் புள்ளைகளும் ஒண்ணா வெளையாடற மாதிரி ஒரு எடம் அமைக்கப் போறோம்"னாங்க. நடக்க முடியாத புள்ள, கண்ணு தெரியாத புள்ள, காது கேக்காத புள்ள, கூட்டத்தைக் கண்டா மெரளற புள்ள, நிக்காம ஓடற புள்ள, எல்லாமுமாம். நான் எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். "ரண்டு ஊஞ்சலு, ஒரு சறுக்கு போட்டு உடுங்கம்மா. ஏற முடிஞ்ச புள்ள ஏறட்டும். மத்தது பாத்துட்டு இருக்கட்டும். பாக்கறதும் ஒரு வெளையாட்டுத்தான்." அந்தம்மா அதை நோட்டுல எழுதிக்கிட்டாங்க. நான் சொன்னதை ஒரு படிச்சவங்க எழுதிக்கிட்டது அதான் மொதத் தடவை. நீங்க ரண்டாவது.

ஒரு சனிக்கெழமை புள்ளைகளையெல்லாம் வரச் சொல்லி ஆளுக்கொரு கலர் சாக்பீசு குடுத்து, "உங்களுக்கு என்ன வேணுமோ தரையில வரைங்க"ன்னாங்க. நான் நெனச்சேன், இதென்ன கூத்து, பெரிய படிப்புப் படிச்சுட்டு வந்து பொடுசுககிட்டப் போயி பிளானு கேக்கறாங்களேன்னு. அப்பத்தான் தன்ஷிகாவ மொதல்ல பாத்தேன். பத்து வயசு, அஞ்சாவது படிக்குது. அம்மா கோகிலா, பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. மேடம் கேட்டாங்க, "உனக்கு எதெது கஷ்டமா இருக்குதுன்னு சொல்லு கண்ணு." அந்தப் புள்ள சொல்லுது, "எனக்கொண்ணுமில்லீங்க மேடம். படிக்கட்டுக்குத்தான் என்னமோ கோளாறு."

வாயைப் பாத்தீங்களா? நான் அப்பவே நெனச்சேன், இது நமக்குத் தொந்தரவு குடுக்கும்னு.

அது தரையில ஒரு வட்டம் போட்டுது. வண்டிச் சக்கரத்துக்கு ரண்டு பங்கு. "இது ராட்டினம். ஆனா ஏறவே கூடாது. தரையோட தரையா இருக்கோணும், அப்படியே உருட்டிட்டு உள்ள போயிரோணும். இங்க எனக்கு ஒரு எடம். பக்கத்துல பவினுக்கு. சுத்தி எல்லாருக்கும்." பவின் பக்கத்து வீட்டுப் பையன், இவளோட எடுபிடி. "மணலு மட்டும் வேண்டாங்க மேடம், மணலு போட்டீங்கன்னா நான் வந்த எடத்துலயே செலையாட்டம் நிப்பேன்." மேடம் அந்த வட்டத்தை அப்படியே போட்டோ புடிச்சுக்கிட்டாங்க. அதான் பிளானு.

வேலை ஆரம்பிச்சதும் நடந்த ஒண்ணைச் சொல்லோணும். வாசல்ல சரிவுப் பாதை போடற கொத்தனாரு இருக்கறாரே, அவரு ஒரு அடி ஒசரத்துக்கு ஆறடி நீளம் போட்டாரு. மேடம் பன்னெண்டு அடி கேட்டாங்க. "எடம் வேஸ்டுங்கம்மா, இதுலயே ஏறலாம்"னாரு அவரு. அந்தம்மா சண்டை போடல. காருல இருந்து ஒரு வீல்சேரை எறக்குனாங்க. என்னைப் பாத்து, "அண்ணா, நீங்க உக்காந்து ஏறிப் பாக்கறீங்களா?"ன்னாங்க. "எனக்கெதுக்குங்க அதெல்லாம்"னேன். கொஞ்சம் வெடுக்குன்னுதான் சொல்லிட்டேன். அப்பறம் கொத்தனாரையே உக்கார வெச்சாங்க. பாதி ஏறுனாரு. அப்பறம் அப்படியே பின்னால வந்து, குழைச்சு வெச்சிருந்த கலவைக்குள்ள போயி நின்னாரு. மறுநாளு பன்னெண்டடி போட்டாச்சு.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு தெரியாத புள்ளைக காலால தடவிப் பாத்து நடக்கறதுக்குப் புள்ளி வெச்ச மஞ்சக் கல்லு. நின்னுட்டே மணல் வெளையாட மேசை. தட்டுனா ஒவ்வொரு சத்தம் வர்ற குழாயி. சத்தம் ஆகாத புள்ளைக போயி உக்கார்றதுக்குத் தடிச்ச செவுரு வெச்ச குட்டி அறை. நடுவுல ராட்டினம். நானும் என் பங்குக்குச் செஞ்சேன். அந்த மஞ்சக் கல்லு மொட்டையாக் கெடந்துச்சுங்க, அது மேல வரிசையாப் பூந்தொட்டி வெச்சேன், பாக்க லட்சணமா இருந்துச்சு. அந்தக் குட்டி அறையில என் வெளக்குமாறு, பக்கெட்டு, மத்தியானம் ஒரு மணியில இருந்து ரண்டு மணி வரைக்கும் நானு. நெசமாலுமே சத்தம் கேக்காது.

தெறப்பு விழாவுலதான் சனியன் புடிச்சுது.

மேடை போட எடமில்லைன்னு சங்கத்துக்காரங்க என்ன பண்ணாங்க, ராட்டினம் தரையோட தரையா வட்டமா அழகா இருக்குதுன்னு அது மேலயே நாலு நாற்காலி, மைக்கு, குத்துவெளக்கு எல்லாம் வெச்சுட்டாங்க. பிரேக்கு போடோணும்னு யாருக்கும் தோணல. வந்த பெரியவரு கெழக்க பாத்துப் பேச ஆரம்பிச்சாரு. நல்ல காத்து அன்னிக்கு. பேனரு துணி வேற பின்னால கப்பல் பாய் மாதிரி காத்தைப் புடிச்சுட்டு நின்னுது. "குழந்தைகள் நம் கண்கள்"ங்கறப்ப தெக்க பாத்துட்டு இருந்தாரு. முடிக்கறப்ப கழிவறையைப் பாத்து வணக்கம் சொன்னாரு. ஜனங்களும் பாவம், நாற்காலியத் தூக்கிட்டு அவரு மூஞ்சி போற பக்கமெல்லாம் சுத்தி வந்தாங்க. தன்ஷிகா சிரிச்ச சிரிப்பு மைக்குல விழுந்துருச்சு.

மறுநாளு ஆபீசுல இருந்து ஆர்டரு. ராட்டினம் ஆபத்தானது, பாதுகாப்பு வேணும். துரைசாமி சார் என்னைக் கூப்புட்டு, "சென்னியப்பா, என்ன பண்ணலாம்?"னு கேட்டாரு. வேலின்னு சொன்னது நாந்தானுங்க. அது என் யோசனை. இடுப்பொசரக் கம்பி வேலி, ஒரு கதவு, ஒரு பூட்டு, சாவி என் இடுப்புல. அவரு ஒரு போர்டு எழுதி மாட்டுனாரு: மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும், அடையாள அட்டையுடன் வரவும். ராட்டினத்துச் சீட்டுல கம்பெனிக்காரன் போட்டிருந்த பிளாஸ்டிக் கவரைக்கூட நான் கிழிக்க விடல. எட்டு மாசம், தம்பி. எட்டு மாசம் ஒரு கீறலு இல்ல. கடையில இருந்து வந்த மாதிரியே இருந்துச்சு.

அட்டையோட வந்தது அந்தப் புள்ள ஒண்ணுதான். நான் அட்டையை வாங்கிப் பாப்பேன். படிக்கத் தெரியாட்டி என்ன, போட்டோவையும் மூஞ்சியையும் ஒத்துப் பாப்பேன். தெனமும் பாப்பேன். "தாத்தா, நேத்து வந்த அதே மூஞ்சிதான்"னு சொல்லும். இருந்தாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குதுல்லங்க. தொறந்து உள்ள விட்டுப் பூட்டிருவேன். கோகிலா கேட்டா, "நான் உள்ள போயித் தள்ளி விடறனுங்கண்ணா." "உங்ககிட்ட அட்டை இருக்குதாம்மா?"ன்னேன். இல்ல. அப்பறம் எப்படி?

அரை மணி நேரம் அந்தப் புள்ள ராட்டினத்து மேல உக்காந்திருந்துச்சு. நான் வேலியோரம் நின்னு அன்பாத்தான் கேட்டேன், "நல்லா இருக்குதா கண்ணு?"

"நல்லா இருக்குதுங்க தாத்தா. வீட்ல உக்காந்திருக்கற மாதிரியே இருக்குது."

எனக்கு சந்தோசமாப் போச்சு.

ஆனா மத்த புள்ளைக சும்மா இருக்குமா? வேலியச் சுத்தி நின்னு வேடிக்கை பாத்துதுக. ஒரு வாண்டு கம்பி சந்துல முறுக்கை நீட்டுனான். தன்ஷிகா அவனைப் பாத்துப் புலி மாதிரி ஒரு உறுமல் உறுமுச்சு பாருங்க, முறுக்கைப் போட்டுட்டு ஓடிட்டான்.

அதுக்கப்பறந்தான் மோசடி ஆரம்பிச்சுது. ஒரு நாளு சாயங்காலம் பவின் வரான், காலை இழுத்துட்டு. "தாத்தா, எனக்கு நேத்திருந்து கால் இப்படி ஆயிருச்சு, உள்ள விடுங்க." மறுநாளு மூணு பேரு. அதுக்கு மறுநாளு ஏழு பேரு. அதுல ஆச்சரியம் என்னன்னா, எல்லாரும் ஒரே மாதிரி. எல்லாருக்கும் இடது காலு. எல்லாரும் இடது கைய முட்டி மேல வெச்சு அமுக்கி, ஒடம்பைக் கொஞ்சம் சாச்சு, ஒரு இழு, ஒரு எட்டு. ஒரே அச்சுல வார்த்த மாதிரி. பள்ளிக்கொடத்துல சொல்லிக் குடுத்தாங்களோ, சினிமாவுல பாத்துச்சுகளோ, எங்க கத்துக்கிச்சுகன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. துரைசாமி சார்கிட்டச் சொன்னேன். அவரு என் காலையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஆமாமா, எங்க கத்துக்கிட்டாங்களோ"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

நான் ஒருத்தனையும் உள்ள விடல. நொண்டி நடிக்கறவனைப் பாத்தா எனக்குத் தெரியாதுங்களா?

என்ன தம்பி, ஏன் அப்படிப் பாக்கறீங்க? எழுதுங்க. "போலிகளை உள்ளே விடவில்லை." நல்லா இருக்குது, எழுதுங்க.

அப்பறம் ஒரு நாளு தன்ஷிகா வரல. மறுநாளும் வரல. மூணு வாரம் ஆச்சு. எனக்கென்ன, வேலை கொறைச்சல்தான். ஆனா சாயங்காலம் நாலரையானா இடுப்புல சாவி உறுத்த ஆரம்பிச்சுது. கோகிலாவ ரோட்டுல பாத்துக் கேட்டேன். "வரமாட்டேங்கறாங்கண்ணா. அங்க போனா தனியா இருக்கற மாதிரி இருக்குதாம். வீட்ல இருந்தாலாவது பவின் வரான்"னு சொன்னா.

அந்த வாரந்தான் ஷர்மதா மேடம் வந்தாங்க, எட்டு மாசத்துக்கப்பறம், கேமராவோட. நான் பெருமையாச் சுத்திக் காட்டுனேன். மஞ்சக் கல்லு மேல பூந்தொட்டி. குட்டி அறையில வெளக்குமாறு. ராட்டினத்துல பிளாஸ்டிக் கவரு. "பாருங்கம்மா, நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே வெச்சிருக்கறேன்." அந்தம்மா கேமராவை எடுக்கவே இல்ல. அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. வெயிலு போலிருக்குதுன்னு சொம்புல தண்ணி குடுத்தேன்.

"அண்ணா, நீங்க சின்ன வயசுல என்ன வெளையாடுவீங்க?"ன்னு கேட்டாங்க. சம்பந்தமே இல்லாம.

"நான் துணி பாத்துக்குவனுங்க"ன்னேன்.

புரியலைன்னாங்க. சொன்னேன். எங்கூருல பசங்கெல்லாம் வாய்க்கால்ல குதிப்பாங்க. துணியெல்லாம் கழட்டி என்கிட்டத்தான் குடுப்பாங்க. சடுகுடு ஆடுனா கோட்டுக்கு வெளிய உக்காந்து யாரு அவுட்டுன்னு சொல்றது நானு. ஆறு வயசுல ஒரு காச்சல் வந்ததுல இருந்து எனக்கு அந்தப் பொறுப்புதான். பத்துப் பன்னெண்டு பேரு சட்டை, டவுசரு, அருணாக் கயித்துல கட்டுன சாவி வரைக்கும் என் மடியில இருக்கும். ஒரு நாளு ஒரு துணி தொலைஞ்சதில்லம்மா. அத்தனை நம்பிக்கை என்மேல. அதுதான் எனக்கு வாட்ச்மேன் வேலைக்கே அடித்தளம்னு சொன்னேன்.

பெருமையாத்தான் சொன்னேன். அந்தம்மா சொம்பைக் கையிலயே வெச்சுட்டு இருந்தாங்க. அப்பறம், "நீங்க குதிச்சதே இல்லியா?"ன்னாங்க. "அப்பறம் துணியை யாரு பாப்பாங்க?"ன்னேன். சரியான பதில்தானுங்களே?

போறப்ப போர்டை ரண்டு தடவை படிச்சாங்க. அப்பறம் தன்ஷிகா வீடு எங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க. அங்க என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்.

ஞாயித்துக்கெழமை காலையில தன்ஷிகா வருது. பின்னால கோகிலா, பவின், காலனிப் பொடுசு எல்லாம். நானும் சும்மா இல்லாம, "என்ன கண்ணு, ரொம்ப நாளா ஆளைக் காணோம்"னேன். அது நேராக் கதவுகிட்ட வந்து அட்டையை நீட்டுச்சு. ஒத்துப் பாத்தேன். தொறந்தேன்.

"தாத்தா, அட்டை வெச்சிருக்கற யாரு வேணும்னாலும் உள்ள வரலாமா?"

"வரலாம்."

"அப்ப உங்க அட்டையை எடுங்க. உள்ள வந்து தள்ளுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "எனக்கேது கண்ணு அட்டை?"ன்னேன்.

"பஸ்ஸுல கண்டக்டர்கிட்டக் காட்டறீங்களே, நான் பாத்திருக்கறேன். என்னுதும் உங்களுதும் ஒரே கலரு."

அது பஸ்ஸுக்குங்க. நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. எப்பவோ முகாமு போட்டாங்கன்னு எந்தம்பி கூட்டிட்டுப் போயி போட்டோ புடிச்சு வாங்கிக் குடுத்தான். பஸ்ஸுக்கு மட்டும். மத்தபடி எனக்கென்ன? நானா ஏறறேன், நானா எறங்கறேன், பதினோரு வருசமா வேலை பாக்கறேன்.

இருங்க, கண்டக்டரு வராரு. இந்தாங்க கண்டக்டரே, அட்டை. "ஏனுங்க பெரியவரே, இன்னிக்குத் துணையாளு வேற கூட்டியாந்திருக்கறீங்களா?" பாத்தீங்களா கிண்டலை. துணையாளு இல்லீங்க, எழுத்தாளு. வாத்தியாரு. அவருக்குத் தனியா டிக்கெட்டு போடுங்க.

எங்க விட்டேன்? ஆங், உள்ள போனேன். புள்ளைக முன்னால வேற என்ன பண்றது, சொல்லுங்க. உள்ள போயி, மொறைப்படி கதவைப் பூட்டி, சாவியைக் கையில வெச்சுட்டு, ராட்டினத்தைத் தள்ளுனேன். அது லேசா நகந்துச்சு. நகந்த வேகத்துல அந்தக் காலு என்கூட வரல. அப்படியே பின்னால சீட்டுல பொத்துன்னு உக்காந்துட்டேன், பிளாஸ்டிக் கவரு மேல. ராட்டினம் அரைச் சுத்து சுத்தி நின்னு போச்சு.

உக்காந்திருந்தோம். அந்தப் புள்ளையும் நானும். வேலிக்கு வெளிய பதினஞ்சு பேரு வேடிக்கை. அஞ்சு நிமிசம் ஆச்சு. பத்து நிமிசம் ஆச்சு. வெயிலு ஏறுது.

"நல்லா இருக்குதுங்களா தாத்தா?"ன்னு கேட்டுச்சு அந்தப் புள்ள.

அந்த எடத்துல இருந்து பாத்தா வெளிய எல்லாருக்கும் கால் மட்டுந்தான் நல்லாத் தெரியுது. எனக்கு இடுப்பொசரம்னா பொடுசுகளுக்கு மூஞ்சியொசரமுங்க, வேலியோட மேக்கம்பி மூஞ்சியை மறைக்குது. கம்பி நானே தேர்ந்தெடுத்ததுதான், நல்ல கனம்.

அப்பத்தான் சாவி கை தவறி விழுந்துச்சு. அதைக் கட்டாயம் எழுதிக்குங்க. "சாவி கை தவறி விழுந்தது." எங்க விழுந்துச்சா? வேலிக்கு வெளிய. கொஞ்ச தூரம். ஒரு ஏழெட்டு அடி இருக்கும். பவின் கால்கிட்ட. வேலி இடுப்பொசரந்தானுங்களே, அதைத் தாண்டி... காத்து அன்னிக்கு நல்ல காத்து.

அப்பறம் நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல. கதவு தொறந்துச்சு, எல்லாம் உள்ள வந்துச்சு. கவரைக் கிழிச்சாங்க, டர்ருன்னு ஒரு சத்தம். பத்துப் பேரு தள்ளுனாங்க.

தம்பி, நீங்க ராட்டினத்துல சுத்தியிருப்பீங்க. உங்களுக்கு இது ஒண்ணும் பெருசா இருக்காது. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தண்ணித் தொட்டி வருது, கோகிலா வரா, வேப்பமரம் வருது, துரைசாமி சார் செல்போனோட வராரு, மறுபடியும் தண்ணித் தொட்டி வருது. தன்ஷிகா கத்துது, "வேகமா! இன்னும் வேகமா! தாத்தாவுக்குப் பத்தல!" நான் கத்துனேனான்னு எனக்கு ஞாபகமில்ல. போட்டோவுல வாய் தொறந்திருக்குது, அவ்வளவுதான். நடுவுல ஒரு பொடியன் ஓடியாந்து சட்டையைக் கழட்டி, "தாத்தா, இதை வெச்சுக்குங்க"ன்னு என் மடியில போடப் பாத்தான்.

"கீழ வைடா"ன்னேன்.

அதை எழுத வேண்டாம். அது அவங்களுக்குப் புரியாது.

எறங்குனப்ப எல்லாருக்கும் தலை கிறுகிறுன்னு சுத்துது. ஒரு புள்ளைகூட நேரா நடக்கல. எல்லாம் சாஞ்சு சாஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு கையப் போட்டு, காலை இழுத்து இழுத்து நடந்துச்சு. நானும் நடந்தேன். அன்னிக்கு நான் யாரையும் சந்தேகப்படல.

பூட்டு எங்க போச்சுன்னு கேட்டிருக்கறாங்க. தெரியலைன்னு எழுதுங்க. அந்தக் குட்டி அறையில பக்கெட்டுக்கு அடியில தேடுனீங்களான்னு கேட்டா, தேடலைன்னு எழுதுங்க. பக்கெட்டு இப்ப அங்க இல்ல. கண்ணன் காலனியில இருந்து ஒரு புள்ள வருது, சத்தம் கேட்டா ரண்டு காதையும் பொத்திக்கும். அதுதான் இப்ப அங்க உக்காந்திருக்குது. தொட்டியெல்லாம் ஓரமா நகத்திட்டேன். கல்லு மொட்டையாத்தான் இருக்குது, என்ன பண்றது.

சரி, இப்ப எப்படி முடிக்கலாம், சொல்லுங்க. என்னது? அட்டை இருக்குதுன்னு எழுதுனா ரண்டாங் குத்தமே இல்லாமப் போயிருமா? போர்டுல அப்படித்தான் எழுதியிருக்குதுங்கறீங்களா? எம்மருமகனும் அதையேதான் சொன்னான். வேண்டாம்னேன். அந்த ஆபீசுல எல்லாருக்கும் என்னைத் தெரியும், தம்பி. பதினோரு வருசமாப் போறேன், வரேன். வாட்ச்மேன் சென்னியப்பன்னுதான் தெரியும். அந்த வார்த்தையை நான் எங்கயும் எழுதிக் குடுத்ததில்ல.

அதோட, அப்படி எழுதுனா நான் தப்பிச்சுக்குவேன். புள்ளைக? "அட்டை உள்ளவங்க போகலாம், மத்தவங்க போகக் கூடாது, சரிதானேப்பா?"ன்னு மறுபடியும் பூட்டைப் போட்டுருவாங்கல்ல? அந்தப் புள்ள மறுபடியும் வீட்ல உக்காந்திருக்கற மாதிரியே உக்காந்திருக்கும்.

இது எந்த ஸ்டாப்பிங்கு? பெரிய பாலமா? அடுத்து நம்ம எடந்தான்.

இருங்க. இருங்க தம்பி. எழுதுங்க.

சென்னியப்பன் ஆகிய எனக்கும் அட்டை இருக்குது. இடது காலு. ஆறு வயசுல இருந்து. எழுதியாச்சுங்களா? அப்படியே மேல போங்க. அட்டை உள்ள ரண்டு பேரு பத்து நிமிசம் ராட்டினத்துல உக்காந்து பாத்தோம். சுத்தல. இதுக்கு நானே சாட்சி. சுத்தறதுக்கு அட்டை இல்லாத புள்ளைகளும் வேணுமுங்க. ஆனபடியால பூட்டு போட வேண்டாமுங்கன்னு தாழ்மையாக் கேட்டுக்கறேன்.

படிங்க, கேப்போம்.

ம்.

நல்லா எழுதறீங்க. நான் சொன்னதை விட நல்லா இருக்குது. ஒண்ணே ஒண்ணு. அந்த, சாவி கை தவறி விழுந்ததுன்னு போட்டிருக்கறீங்கல்ல, அதை அடிச்சா கடுதாசி அசிங்கமாயிருமா? அசிங்கமாயிருமா, சரி, அப்ப அடிக்க வேண்டாம். முன்னால எடமிருந்தா ஒரே ஒரு வார்த்தை சேத்துருங்க. "சாவி வேணும்னே கை தவறி விழுந்தது." போதும். அவங்களுக்குப் புரிஞ்சா புரியட்டும்.

கையெழுத்து எங்க, இங்கயா? பேனாவைக் குடுங்க. எம்பேரு மட்டும் எழுதத் தெரியும். கேட்டனே, அது எழுதுமுங்களான்னு. நல்லாத்தான் எழுதுது.

நிறுத்துங்க கண்டக்டரே, எறங்கோணும்! இல்ல தம்பி, நீங்க எந்திரிக்காதீங்க, நானே போயிக்கறேன், எனக்கென்ன. பதினோரு வருசமா இதே பஸ்ஸு, இதே படி.

சரி, கையக் குடுங்க.

காலுக்கு ஒண்ணுமில்லீங்க. படிதான் ரொம்ப ஒசரமா வெச்சுட்டாங்க.